பாலத்தடியில் லாரி மாட்டுவது ஏன்? உயரத்தை அளப்பது எப்படி, மாட்டிய பிறகு என்ன செய்வது?

கேள்வி இதுதான்: பல வருடம் வண்டி ஓட்டிய டிரைவர்கூட ரயில்வே பாலத்தடியில் லாரியைக் கொண்டுபோய் மாட்டிவிடுகிறார். பாலத்தின் நெற்றியில் உயரம் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. பிறகு எப்படி மோதுகிறது? இதைத் தடுக்க வழி உண்டா?

பாலத்தின் உயரம் எழுதியிருக்கிறது. வண்டியின் உயரம்தான் டிரைவருக்குத் தெரியாது. பாடி கட்டிய பட்டறையில் யாரோ சொன்னதோ, போன லோடுக்கு இருந்ததோதான் அவர் மனதில் உள்ள எண். இன்றைக்கு இந்த லோடை ஏற்றி, படுதா போர்த்தி, கயிறு இழுத்துக் கட்டிய பிறகு தரையிலிருந்து உச்சி வரை எவ்வளவு என்று அளந்து பார்த்துக் கிளம்புகிறவர்கள் மிகக் குறைவு. அளக்காதவர் பாலத்தைப் பார்த்த இடத்தில் கண்ணால் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. கண்ணால் அது முடியாது.

ஏன் முடியாது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. லாரி கேபினில் உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து சுமார் 2.3 முதல் 2.5 மீட்டர் உயரத்தில் இருக்கும். லோடின் உச்சி அவர் தலைக்கு மேலே ஒன்றரை மீட்டரிலும், பின்னால் ஐந்தாறு மீட்டரிலும் இருக்கிறது. அதை அவரால் பார்க்கவே முடியாது. எதிரே 50 மீட்டர் தள்ளிப் பாலம். அந்தப் பாலத்துக்கும் அதைவிட 10 சென்டிமீட்டர் தாழ்ந்த இன்னொரு பாலத்துக்கும் அவர் கண்ணில் விழும் வித்தியாசம் ஒரு டிகிரியில் சுமார் ஒன்பதில் ஒரு பங்குதான். பார்க்க முடியாத ஒரு உச்சியை, அவ்வளவு நுண்ணிய வித்தியாசத்தோடு ஒப்பிட்டு "போகும்" என்று சொல்ல எந்த அனுபவமும் உதவாது. அனுபவம் இங்கே கெடுதலும் செய்யும். பத்து முறை போய் வந்த பாதையில் போர்டைப் படிக்கும் பழக்கமே விட்டுப்போகும்.

நிற்கும் தூரத்தையும் சேர்த்துப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 16.7 மீட்டர். சந்தேகம் வந்து பிரேக்கில் கால் வைக்க 2 விநாடி போனால் 33 மீட்டர். காய்ந்த ரோட்டில், நல்ல பிரேக்குள்ள லோடு வண்டி நிற்க இன்னும் 35 மீட்டர் பிடிக்கும். ஆக, 50 மீட்டரில் சந்தேகப்பட்டவர் சந்தேகத்தோடேயே போய் மோதுவார். மழை பெய்திருந்தால் சொல்லவே வேண்டாம்.

உயரம் எங்கெல்லாம் மாறுகிறது

லாரிக்காரர்களிடையே அதிகம் பேசப்படாத விஷயம் ஒன்று உண்டு: லோடோடு போன பாலத்தில் வெறும் வண்டியாகத் திரும்பும்போது மாட்டலாம். பட்டை (லீஃப் ஸ்பிரிங்) வைத்த வண்டியில் முழு லோடு இறங்கியதும் பின்பக்கப் பட்டைகள் நிமிரும், டயரும் சற்று உப்பும். வண்டிக்கு வண்டி மாறினாலும் பாடியின் பின்முனை 6 முதல் 10 சென்டிமீட்டர் வரை உயர்வது சாதாரணம். மூடிய பாடியும் கன்டெய்னரும் இதில்தான் ஏமாறும், ஏனென்றால் லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கூரை அங்கேயேதான் இருக்கிறது. "போகும்போது உரசாமல் போனதே" என்ற நினைப்போடு வருகிறவர் திரும்பும்போது கூரையைக் கொடுத்துவிட்டு நிற்பார்.

கன்டெய்னரில் இன்னொரு பொறி. துறைமுகத்திலிருந்து வரும் சாதாரணப் பெட்டியின் உயரம் 8 அடி 6 அங்குலம், அதாவது 2.59 மீட்டர். ஹை கியூப் பெட்டி 9 அடி 6 அங்குலம், 2.90 மீட்டர். கேபினிலிருந்து கண்ணாடியில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். டிரெய்லர் பிளாட்பாரம் 1.5 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் முதல் பெட்டியோடு 4.09 மீட்டர், இரண்டாவதோடு 4.40 மீட்டர். ஒரு அடி வித்தியாசம். நேற்று சாதாரணப் பெட்டியோடு ஒரு பாதையில் போனவர் இன்று ஹை கியூபோடு அதே பாதையில் போனால் கதை முடிந்தது. பெட்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழி உண்டு. ஹை கியூப் பெட்டியின் மேல் விளிம்பில், மூலைகளை ஒட்டி மஞ்சளும் கறுப்பும் சாய்கோடாக அடித்திருப்பார்கள். பக்கவாட்டில் உயரத்தை மீட்டரிலும் அடியிலும் ஒட்டியிருப்பார்கள். கதவில் இருக்கும் நான்கு எழுத்துக் குறியின் இரண்டாவது இடம்தான் உயரத்தைச் சொல்வது: 45ஜி1 என்று இருந்தால் அந்த 5 என்பது 9 அடி 6 அங்குலம், 42ஜி1 என்றால் அந்த 2 என்பது 8 அடி 6 அங்குலம். யார்டை விட்டு வெளியே வரும் முன்பு பார்க்க வேண்டிய எழுத்து இது. அதோடு, டிராக்டரை, அதாவது டிரெய்லரை இழுக்கும் முன்வண்டியை மாற்றினால், டிரெய்லர் உட்காரும் இணைப்புத் தட்டான ஐந்தாம் சக்கரத்தின் உயரமும் மாறும். முன்பக்கம் 5 சென்டிமீட்டர் தூக்கிய டிராக்டரில் அதே டிரெய்லரை மாட்டினால் பெட்டியின் முன் விளிம்பும் அவ்வளவு தூக்கும்.

திறந்த பாடி லாரியில் உச்சி எது என்பதே தெளிவில்லை. மூட்டைகளின் மேல் வரிசை, அதன்மேல் படுதாவின் மடிப்பு, கயிற்று முடிச்சு, படுதாவுக்குக் கூரை வடிவம் கொடுக்கும் ஆங்கிள் அல்லது பைப் வளைவு, கேபின் மேல் கேரியரில் போட்டிருக்கும் ஸ்டெப்னி, சுருட்டி வைத்த இரண்டாவது படுதா, ஏசி பெட்டி, ஏரியல் எல்லாம் கணக்கில் வரும். சரியாகக் கட்டாத படுதா 50 கிலோமீட்டர் வேகத்தில் காற்று புகுந்து ஒரு முழம்கூட எழும்பும். அது பாலத்தில் கொக்கி மாதிரி மாட்டினால் வளைவுக் கம்பிகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

திருச்செங்கோட்டிலிருந்து நாடெங்கும் போகும் போர்வெல் ரிக் வண்டிகளில் மாஸ்ட், அதாவது துளை போடும் கோபுரம், படுத்த நிலையில் கேபினுக்கு மேலாக முன்னே நீட்டியிருக்கும். இங்கே முதலில் மோதுவது மாஸ்டின் மூக்கு. டிரைவர் பாலத்துக்குள் நுழைவதற்கு முன்பே அது நுழைந்துவிடும். மாஸ்ட் தாங்கியில் முழுதாக உட்காராமல் இரண்டு விரல்கடை தூக்கி நின்றால்கூட, நீளம் காரணமாக முன்முனையில் அது பெரிதாகத் தெரியும்.

டிப்பர் தனி ரகம். அதன் ஓட்ட உயரம் பிரச்சினையே இல்லை, தூக்கிய பாடியோடு ஓட்டுவதுதான் ஆபத்து. மண்ணைக் கொட்டிவிட்டு, பாடியைத் தூக்கும் பம்புக்கு இன்ஜின் சக்தியைக் கொடுக்கும் பி.டி.ஓ. லீவரை விடுவிக்காமல் கிளம்பினால், ஓடும்போதே பாடி மெல்ல மேலேறும். பின்னால் பாரம் இல்லாததால் டிரைவருக்கு வித்தியாசம் தெரியாது. நெடுஞ்சாலையின் குறுக்கே நிற்கும் வழிகாட்டிப் பலகைச் சட்டங்களையும் நடை மேம்பாலங்களையும் சாய்ப்பது பெரும்பாலும் இந்தக் கோளாறுதான். பாடி தூக்கியிருந்தால் எரியும் விளக்கும் அலறும் பஸரும் வேலை செய்கின்றனவா என்று தினம் காலையில் ஒரு முறை தூக்கி இறக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்த பஸர் வயரைத் தொல்லை என்று கழற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

பாலத்தில் எழுதிய எண்ணையும் அப்படியே நம்ப முடியாது

ரோட்டுக்கு மேல் ரோடு போடுவது நம் ஊரில் சர்வசாதாரணம். ஒரு அடுக்கு தார் 4 அல்லது 5 சென்டிமீட்டர். பழையதைச் சுரண்டாமல் மூன்று முறை போட்டால் 12 முதல் 15 சென்டிமீட்டர் போய்விடும். போர்டில் இருக்கும் எண் மட்டும் பாலம் கட்டிய நாளில் எழுதியதாகவே இருக்கும். பிரிட்டனில் அளந்த உயரத்திலிருந்து குறைந்தது 3 அங்குலத்தைக் கழித்துத்தான் போர்டில் எழுதுவார்கள். இங்கே உள்ள போர்டில் அப்படி ஒரு கழிவு இருக்கிறது என்று நம்பி வண்டியை விடக் கூடாது.

சப்வேயில் இறங்கி ஏறும் ரோடு இன்னொரு கணக்கு. பள்ளத்தின் அடியில் பாலம் இருக்கும்போது, நீளமான டிரெய்லரின் முன்சக்கரம் ஏறும் சரிவிலும் பின்சக்கரம் இறங்கும் சரிவிலும் நிற்கும். நடுப்பகுதி பள்ளத்துக்கு மேலே பாலம் போட்டதுபோல உயர்ந்து நிற்கும். எவ்வளவு உயரும் என்பதற்கு எளிய சூத்திரம்: அச்சுகளுக்கு இடைப்பட்ட நீளத்தின் வர்க்கத்தை, வளைவின் ஆரத்தின் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். கிங் பின்னிலிருந்து (டிரெய்லர் முன்வண்டியில் மாட்டும் முளை) பின் அச்சு வரை 9 மீட்டர், வளைவின் ஆரம் 150 மீட்டர் என்றால் 81-ஐ 1200-ஆல் வகுத்து 6.75 சென்டிமீட்டர். ஆரம் 100 மீட்டர் என்றால் 10 சென்டிமீட்டர். சமதரையில் 4.00 மீட்டர் இருந்த வண்டி அந்தப் பள்ளத்தில் 4.10 மீட்டர் வண்டியாக நடந்துகொள்ளும். சின்ன லாரி உரசாமல் போன சப்வேயில், அதே உயரமுள்ள டிரெய்லரின் நடுவயிறு மாட்டுவது இதனால்தான்.

வளைவுப் பாலங்களில், அதாவது பழைய செங்கல், கல் பாலங்களில், நடுவில் இருக்கும் உயரம் ஓரத்தில் இருக்காது. ரோடும் ஓரமாகச் சாயும். 2.5 சதவீதச் சாய்வில் 4 மீட்டர் உயர வண்டியின் தலை பக்கவாட்டில் 10 சென்டிமீட்டர் சாய்ந்து, வளைவு தாழ்ந்து வரும் பக்கத்துக்கே போகும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2013 மே 23 அன்று ஸ்காஜிட் ஆற்றுப் பாலம் விழுந்தது இந்த வகைத் தவறால்தான். அது இரும்புச் சட்டப் பாலம்; மேலே குறுக்கே போகும் சட்டம் வில்போல வளைந்து ஓரத்தில் தாழ்ந்திருந்தது. அளவு மீறிய லோடோடு வந்த லாரி வலது ஓர லேனில் போனது. பாலத்தின் நடுவை ஒட்டிய இடது லேனுக்கு நகர்ந்திருந்தால் தப்பியிருக்கும். சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடிபட்டு பாலத்தின் ஒரு பகுதி முழுவதும் ஆற்றில் விழுந்தது. பின்னால் வந்த இரண்டு வண்டிகளில் இருந்த மூன்று பேரும் உயிர் பிழைத்தார்கள். அந்த லாரிக்கு முன்னால் உயரக் கம்பு கட்டிய பைலட் வண்டி போய்க்கொண்டுதான் இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

போர்டு மீட்டரில் பேசுகிறது, லாரிக்காரர் அடியில் பேசுகிறார். 3.5 மீட்டர் என்பது 11 அடி 5 அங்குலம். 3.8 மீட்டர் 12 அடி 5 அங்குலம். 4 மீட்டர் 13 அடி 1 அங்குலம். 4.2 மீட்டர் 13 அடி 9 அங்குலம். 4.5 மீட்டர் 14 அடி 9 அங்குலம். எல்லாவற்றையும் கீழ்நோக்கியே முழுமையாக்கியிருக்கிறேன், அப்படித்தான் செய்ய வேண்டும். கால்குலேட்டரில் 12.5 அடி என்று வந்தால் அது 12 அடி 6 அங்குலம். 12 அடி 5 அங்குலம் என்று படித்தால் ஒரு அங்குலம் போச்சு. 13.9 அடி என்பதை 13 அடி 9 அங்குலம் என்று படிப்பதும் இதே தப்புதான், அது 13 அடி 10 அங்குலத்தையும் தாண்டும்.

இந்தியச் சாலை விதிப்படி புதிதாகக் கட்டும் கீழ்ப்பாதைகளுக்கு ஊருக்கு வெளியே 5 மீட்டர், நகரத்துக்குள் 5.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும். இதை நம்பி நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவர் சர்வீஸ் ரோட்டுக்கு இறங்கினால் மாட்டுவார். நான்குவழிச் சாலைக்குக் குறுக்கே இலகுரக வண்டிகளுக்காகக் கட்டிய சின்ன பாதைகள் 3.5 அல்லது 4 மீட்டர்தான் இருக்கும். மின்மயமான ரயில் பாதையின் லெவல் கிராசிங்கில் நிற்கும் ஹைட் கேஜ், அதாவது உயரத் தடுப்புச் சட்டம், சுமார் 4.7 மீட்டர். அதன் வேலை மேலே ஓடும் 25,000 வோல்ட் கம்பியிடமிருந்து வண்டியைக் காப்பது. இங்கே உரசல் நடந்தால் தகரம் நசுங்குவதோடு போகாது.

ஹைட் கேஜ் பற்றி இன்னொன்று. ஏற்கெனவே யாரோ மோதி நடுவில் தொய்ந்துபோன கேஜ்களை ஊரெங்கும் பார்க்கலாம். அதில் எழுதியிருக்கும் எண் தொய்வதற்கு முந்தையது. வளைந்த கேஜைக் கண்டால் எண்ணை விட்டுவிட்டு இறங்கி அளக்க வேண்டும்.

அளக்கும் முறை

சமதரை வேண்டும். பெட்ரோல் பங்க்கின் கான்கிரீட் தளம் போதும். டயர்களில் சரியான காற்று இருக்க வேண்டும். பட்டைக்குப் பதில் காற்றுப் பலூன் வைத்த வண்டி என்றால் இன்ஜினை ஓடவிட்டு ஓட்ட உயரத்துக்கு வந்த பிறகு அளக்க வேண்டும். லோடு ஏற்றி, படுதா கட்டி, கயிறு இறுக்கி முடித்த பிறகுதான் அளவு.

டேப்பைக் கீழே தொங்கவிட்டு லோடின் சரிவில் பிடித்து அளப்பது தவறான எண்ணைத் தரும், ஏனென்றால் உச்சி நடுவில் இருக்கிறது, டேப் ஓரத்தில் இருக்கிறது. நேரான பலகை அல்லது அலுமினியச் சட்டத்தை உச்சியின் மேல் குறுக்காக வைத்து, ரசமட்டத்தால் மட்டம் பார்த்து, வெளியே நீட்டிய முனையிலிருந்து தரைக்குச் செங்குத்தாக டேப்பை விட வேண்டும். இருவர் இருந்தால் ஐந்து நிமிட வேலை. பலகை இல்லாவிட்டால் கொத்தனார் பயன்படுத்தும் டியூப் மட்டம் போதும். குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை கிளீனர் லோடின் உச்சியில் பிடிக்க, மறு முனையைப் பக்கத்துச் சுவரிலோ கம்பத்திலோ பிடித்து, தண்ணீர் மட்டம் நின்ற இடத்தில் குறி போட்டு, அங்கிருந்து தரைக்கு அளக்கலாம். வண்டி நிற்கும் தரையும் கம்பத்தின் அடியும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

கேபின் உச்சி, பாடியின் முன், நடு, பின் என நான்கு இடங்களில் அளந்து பெரியதை எடுங்கள். அதோடு 15 சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். பள்ளத்தில் துள்ளுவது, தார் அடுக்கு, படுதா எழும்புவது எல்லாம் இந்த 15-க்குள் அடங்க வேண்டும். டிரெய்லர் என்றால் 20. வந்த எண்ணை மீட்டரிலும் அடியிலும் சாக்பீஸால் கண்ணாடிக்கு மேலே, டிரைவர் கண்ணில் படும் இடத்தில் எழுதுங்கள். பிரிட்டனில் 3 மீட்டருக்கு மேல் உயரமுள்ள வண்டிகளில் இப்படிக் கேபினுக்குள் எழுதி வைப்பது சட்டப்படி கட்டாயம். அப்படியிருந்தும் அங்கே ரயில்வே பாலங்களில் ஆண்டுக்கு 1500-க்கு மேல் மோதல் நடக்கிறது. எழுதாத ஊரில் நிலைமை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பாதையை முன்பே முடிவு செய்வது அடுத்தது. செல்போன் மேப் கார்காரருக்கு வழி சொல்கிறது. அதற்கு உங்கள் உயரம் தெரியாது. நெரிசலைத் தவிர்க்கிறேன் என்று உங்களைச் சப்வேக்குள் திருப்பிவிடும். சென்னையில் துரைசாமி சப்வே, கெங்குரெட்டி சப்வே, கோவையில் லங்கா கார்னர், கிக்கானி பள்ளிப் பக்கம் என்று ரயில் பாதைக்கு அடியில் நுழையும் இடங்கள் எல்லா ஊரிலும் உண்டு. புது ஊருக்கு லோடு போகிறது என்றால் அந்த ஊர் புக்கிங் ஆபீஸுக்கு ஒரு போன் போட்டு, "இவ்வளவு உயரம், எந்த வழியாக வரலாம்?" என்று எண்ணோடு கேளுங்கள். "பெரிய வண்டி வருமா?" என்று கேட்டால் "வரும்" என்றுதான் பதில் வரும். அளவு மீறிய லோடு என்றால் பைலட் வண்டியில் லோடைவிட 10 முதல் 15 சென்டிமீட்டர் உயரமாகக் கம்பு கட்டி முன்னால் விட வேண்டும். கம்பு தட்டினால் பின்னால் வருகிற லாரி நிற்க இடம் இருக்கும்படி தூரம் விட வேண்டும். 2022 நவம்பரில் கொச்சியிலிருந்து ஹைதராபாத்துக்கு லாரியில் போன பழைய விமானம் ஆந்திராவின் பாபட்லா மாவட்டத்தில் சுரங்கப்பாதையில் மாட்டியதும், 2023 டிசம்பரில் மும்பையிலிருந்து அசாம் போன இன்னொன்று பீகாரின் மோதிஹாரியில் மேம்பாலத்தடியில் மாட்டியதும் செய்தியில் வந்தன. பாதை பார்க்காமல் கிளம்பினால் பெரிய லோடுக்கும் அதே கதிதான்.

முன்னால் ஒரு லாரி போய்விட்டது, நாமும் போகலாம் என்ற கணக்கு வேண்டவே வேண்டாம். அதன் லோடு வேறு, டயர் வேறு. சந்தேகம் வந்தால் ஹஸார்டு போட்டு நிறுத்தி, கிளீனரை இறக்கிப் பின்னால் வருகிறவர்களைத் தடுத்து, நடந்துபோய்ப் பாருங்கள். பின்னால் ஹாரன் அடிப்பவர்கள் பாலத்துக்குக் காசு கட்டப்போவதில்லை. லோடு உயரம் மீறியிருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 194(1ஏ) பிரிவின்படி அபராதமே 20,000 ரூபாய். லெவல் கிராசிங் கேட்டையோ தடுப்பையோ உடைத்தால் ரயில்வே சட்டம் 160-வது பிரிவில் 5 ஆண்டு வரை சிறை.

மாட்டிவிட்டால்

முதல் வேலை இன்ஜினை நிறுத்தி, கைபிரேக் போட்டு, மேலே மின்கம்பி தொட்டிருக்கிறதா என்று கேபினுக்குள்ளிருந்தே பார்ப்பது. தொட்டிருந்தால் இறங்கக் கூடாது, யாரையும் வண்டியைத் தொடவும் விடக் கூடாது. தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டும் என்றால், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு காலையும் சேர்த்து வெளியே குதித்து, பாதங்களைச் சேர்த்தபடியே தேய்த்துத் தேய்த்து விலக வேண்டும்.

மேலே ரயில் ஓடும் பாலம் என்றால் வண்டியைவிட ரயில் முக்கியம். இரும்பு கர்டர் பாலத்தில் பக்கவாட்டு அடி விழுந்தால் கர்டர் தாங்கியிலிருந்து நகரும், மேலே தண்டவாளம் வளையும். கீழிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. உடனே ரயில்வே உதவி எண் 139-க்கும், அவசர உதவி எண் 112-க்கும் போன் செய்யுங்கள். பக்கத்தில் கேட்மேனோ ஸ்டேஷனோ இருந்தால் ஆள் அனுப்புங்கள். பாலத்தின் சுவரில் பெயின்ட் அடித்த பாலம் எண் இருக்கும், அதைச் சொன்னால் எந்த இடம் என்று தேட வேண்டியதில்லை. லேசான உரசல்தானே என்று நழுவுவது மன்னிக்க முடியாத காரியம், அடுத்த ரயிலில் ஆயிரம் பேர் இருப்பார்கள். ரயில்வே ஆள் வந்து பார்க்காமல் வண்டியை இழுக்கவும் கூடாது. சில நேரம் அந்த லாரிதான் கர்டரைத் தாங்கிக்கொண்டிருக்கும்.

அனுமதி கிடைத்த பிறகு எடுக்கும் முறை. வந்த வழியிலேயே பின்னுக்கு எடுக்க வேண்டும். முன்னுக்கு உந்தினால் அடுத்த கர்டரிலும் மாட்டும். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு, மாட்டிய இடத்துக்கு அருகிலுள்ள அச்சின் டயர்களில் இருபுறமும் சமமாகக் காற்றை இறக்குங்கள். ஒரேயடியாக வெளியேற்றாமல் 20 பவுண்டு, 20 பவுண்டாக இறக்கி, ஒவ்வொரு முறையும் இடைவெளி வந்ததா என்று பாருங்கள். சில சென்டிமீட்டர்தான் கிடைக்கும், பெரும்பாலும் அதுவே போதும். முழுதாக இறக்கி லோடோடு உருட்டினால் ரிம் டயரின் பக்கவாட்டை அறுத்துவிடும். வெளியே வந்ததும் ஏர் டேங்கிலிருந்து குழாய் போட்டுக் காற்றை நிரப்பிய பிறகுதான் அடுத்த அடி.

இங்கே எல்லாரும் செய்யும் தப்பு ஒன்று: பாரத்தைக் குறைப்போம் என்று லோடை இறக்குவது. மாட்டியிருப்பது பாடியின் கூரையாகவோ கன்டெய்னராகவோ இருந்தால், பாரம் குறையக் குறையப் பட்டை நிமிர்ந்து வண்டி இன்னும் இறுகும். மூட்டையின் மேல் வரிசையே மாட்டியிருந்தால் மட்டும் அந்த வரிசையை எடுக்கலாம், கீழே கை வைக்க வேண்டாம். எடுக்கும்போது கயிற்றுக்கும் வின்ச் வயருக்கும் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது.

பாலத்துப் பக்கம் செய்ய வேண்டியது

எல்லாப் பழியையும் டிரைவர் மேல் போடுவது நியாயமில்லை. அமெரிக்காவின் டர்ஹாம் நகரில் கிரெக்சன் தெரு ரயில்வே பாலம் 11 அடி 8 அங்குலம் உயரம் இருந்தது. அடியில் பெரிய கழிவுநீர்க் குழாய் ஓடுவதால் ரோட்டைத் தாழ்த்த முடியவில்லை. உயரத்தை உணர்ந்து சிக்னலைச் சிவப்பாக்கி "உயரம் அதிகம், திரும்ப வேண்டும்" என்று எழுத்து காட்டும் கருவி 2016-இல் வைத்தார்கள், மோதல் தொடர்ந்தது. 2019 அக்டோபரில் பாலத்தையே 8 அங்குலம் தூக்கினார்கள். குறைந்தது, நிற்கவில்லை. பாலத்தைக் காப்பாற்றுவது அதற்கு முன்னால் நிற்கும் கனமான இரும்பு உத்தரம்தான். அடியை அது வாங்கிக்கொள்கிறது, தண்டவாளத்துக்குப் போகவிடுவதில்லை. சிட்னி துறைமுகச் சுரங்கத்தின் வாயிலில், உயரமான லாரி நிற்காமல் வந்தால் மேலிருந்து தண்ணீர்த் திரை விழுந்து அதில் "நில்" என்ற எழுத்து ஒளிரும். கண்ணாடிக்கு எதிரே விழும் திரை என்பதால் அதைப் பார்க்காமல் போக முடியாது.

நம் ஊரில் இவ்வளவு செலவு தேவையில்லை. ஹைட் கேஜைச் சப்வேயின் வாயிலில் நடுவதை நிறுத்தினாலே பாதிப் பிரச்சினை தீரும். அங்கே தட்டினால் லாரி திரும்ப இடமில்லை, பின்னால் வரிசை கட்டி நிற்கும், டிரைவர் பதற்றத்தில் உள்ளே நுழைத்துப் பார்ப்பார். கடைசியாகத் திரும்ப முடிகிற சந்திப்புக்கு முன்பே முதல் போர்டும், சங்கிலியில் தொங்கும் ரப்பர் அல்லது பைப் தடுப்பும் இருக்க வேண்டும். மாற்றுப்பாதை எது என்று அந்தப் போர்டிலேயே எழுத வேண்டும். தார் போட்ட ஒவ்வொரு முறையும் ஒப்பந்தக்காரரிடம் இடைவெளியை அளந்து போர்டை மாற்றச் சொல்ல வேண்டும்.

போர்டின் எண்ணும் அளந்த எண்ணும் ஒத்துப்போகாத பாலம் கண்ணில் பட்டால் தேசிய நெடுஞ்சாலையில் 1033-க்கும், ரயில்வே பாலத்துக்கு 139-க்கும், மாநில நெடுஞ்சாலைக்குக் கோட்டப் பொறியாளர் அலுவலகத்துக்கும் சொல்லலாம். கிலோமீட்டர் கல் எண், பாலம் எண், இரு ஓரத்திலும் நடுவிலும் அளந்த உயரம், டேப் தெரியும்படி ஒரு படம், இவ்வளவும் சேர்த்து எழுத்தில் கொடுங்கள். லாரி உரிமையாளர் சங்கத்தின் வழியாகப் போனால் வேகமாக நகரும்.